காவலுக்கு வந்த ராசா

ஓநாய்களில் எனக்குக் கோபமில்லை. ஓநாய் ஓநாயாக இருக்கிறது. என் கோபமெல்லாம் என் மனுசன் உருத்திரமூர்த்தியில்தான்.

மொன்றியல் துறைமுகத்தில் பெட்டி ஏற்றி இறக்கிய மனுசன், ஓய்வு பெற்றதும் ஒரு வருடம் நகரத்துக்குள் இருக்கிற எங்கள் அஹுன்ட்சிக் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தார். கதைக்கமாட்டார், சவரம் செய்யமாட்டார். பிறகு திடீரென்று லவாலுக்கு வடக்கே, ஒரு மணித்தியால ஓட்டத்தில், காட்டோரமாக ஒரு காணி வாங்கி ஆடு வளர்க்கத் தொடங்கினார். எனக்கு ஆட்டு மணமே பிடிக்காது. ஆனாலும் விடிய எழும்பிச் சவரம் செய்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வான் வண்டியை எடுத்துப் போன மனுசனைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

காட்டைக் காக்கிற ஒரு திட்டத்துக்காக அந்தக் காட்டில்தான் ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். மான்கள் பெருகி, முளைக்கிற மேப்பிள் கன்றுகளையெல்லாம் தின்று காட்டை மொட்டையடித்துவிட்டனவாம். ஓநாய் வந்தால் மான் குறையும், காடு தழைக்கும். நல்லதுதான். ஆனால் மானைத் துரத்தி ஓடுவதைவிட வேலிக்குள் நிற்கிற ஆடு சுகம் என்று ஓநாய்க்கும் தெரியுமே. சுற்றிவர மாடு வளர்க்கிறவர்கள் கொதித்தார்கள். அவர்களைச் சமாளிக்க, திட்டக்காரர் பண்ணைக்கு ஒரு காவல் நாய் கொடுத்தார்கள். எங்கள் நாயைக் கொண்டுவந்தவள் ஜெசிக்கா. மன்னார்க் குடும்பத்துப் பிள்ளை, அந்தத் திட்டத்தில் வேலை செய்கிறாள்.

"அங்கிள், இது செல்ல நாய் இல்லை. ஆடுகளோடதான் படுக்கோணும். கொஞ்சக்கூடாது, வீட்டுக்குள்ள விடவே கூடாது."

"ஓம் பிள்ளை, எனக்குத் தெரியாதோ?" என்றார் இவர்.

வெள்ளைப் பஞ்சுமூட்டை மாதிரி ஒரு குட்டி. அதற்கு ராசா என்று பெயர் வைத்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். முதல் பனி கொட்டிய அன்று பின்னேரம், ராசா அஹுன்ட்சிக் வீட்டுச் சோபாவில் கிடந்தான். மேலே இவருடைய செம்மஞ்சள் துறைமுக ஜக்கெற்.

"இந்தக் குளிருக்குள்ள விட்டிட்டு வரச் சொல்லுறியே?"

"அதுக்கு உடம்பு முழுக்கக் கம்பளிதானேயப்பா."

"அவன் நடுங்கினவன். நான் பார்த்தனான்."

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் வாலைக் குழைத்துக்கொண்டு வெளியேதான் போகும் என்பார்கள். எங்கள் நாய் எங்கேயும் போகவில்லை. நடுவீட்டிலேயே இருந்துவிட்டது. காலையில் இவரோடு வேலைக்குப் போகும், பின்னேரம் இவரோடு வேலை முடிந்து வரும். ஓநாய் வருவது இரவிலப்பா என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். மீன்குழம்பு விட்டுப் பிசைந்தால்தான் துரை சோறு தின்பார். வான் வண்டியிலும் முன்சீற் அந்தத் துரைக்குத்தான். கட்டின பெண்சாதி பின்னுக்கு.

பனி கரைவதற்குள் நாலு ஆடு போய்விட்டது. கடைசியாகப் போனது சினை ஆடு. "இன்னும் ஒரு ஆடு போச்சுதெண்டால் காணியை வித்துப்போடுவம்," என்று சொல்லிவிட்டேன். அவரும் மறுக்கவில்லை. மறுக்காததுதான் எனக்குப் பயம். இந்த மனுசன் மறுபடியும் அந்தத் தொலைக்காட்சிக்கு முன்னால் போய்க் குந்திவிட்டால்?

விசாரிக்க ஜெசிக்கா காணிக்கு வந்தாள். இவர் பிடித்துக்கொண்டார்.

"ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம். அப்பிடித்தான் இருக்கு உங்கட திட்டம். நாயும் தருவியள், ஓநாயும் விடுவியள்."

அவள் எங்கள் வான் வண்டிக்குக் கிட்டப் போனாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். முன்சீற்றில் செம்மஞ்சள் ஜக்கெற்றோடு ராசா, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், அது ஆர்?"

இவர் நிலத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்க வேண்டும் போலவும் வந்தது.

"நாயில பிழையில்லை," என்றாள். "தான் உங்கட மகன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கு. இந்தக் கோடை முழுக்க நீங்கள் இந்தப் பக்கம் வராதேங்கோ. அது ஆடுகளோட சேரட்டும். இல்லாட்டி நான் கொண்டுபோறன்."

"அப்ப ஆட்டை ஆர் பாக்கிறது?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் வேலை செய்கிற பள்ளிக்கூடச் சமையலறை கோடையில் பூட்டு. ஆட்டு மணம் பிடிக்காத நான், காணியிலிருந்த சின்ன மரவீட்டில் போய்க் குடியிருந்தேன். ஆடுகளுக்குத் தண்ணீர் வை, கொட்டில் கூட்டு, நுளம்புக்கடி வாங்கு. போதாததற்கு இவருடைய ரெலிபோன். "ராசா சாப்பிட்டவனோ?" நான் சாப்பிட்டேனா என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

ராசா முதல் கிழமை முழுக்க என் கதவைப் பிறாண்டி அழுதான். நான் திறக்கவில்லை. திறக்காமல் உள்ளே இருந்து திட்டினேன், நாயையும் அதைக் கெடுத்த மனுசனையும். பிறகு அழுகை குறைந்தது. ஒருநாள் பார்த்தால் ஆட்டுக்குட்டிகள் அவன் முதுகில் ஏறி விளையாடுகின்றன, அவன் அசையாமல் படுத்திருக்கிறான். வேலிக்கு அப்பால் மேப்பிள் கன்றுகள் என் இடுப்பளவுக்கு வந்திருந்தன. ஓநாய் வந்தால் காடு தழைக்கும் என்று திட்டக்காரர் சொன்னது பொய்யில்லை.

கோடை முடிகிற நேரம், ஒரு காலை வெளியே வந்தேன். ஆடுகள் எல்லாம் ஒரு மூலையில் நெருக்கிக்கொண்டு நின்றன. முன்னால் ராசா. ஒரு காது கிழிந்து, வெள்ளை மார்பெல்லாம் இரத்தம். வேலிக்கு வெளியே ஓநாயின் கால்தடம். ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒரு ஆடும் குறையவில்லை.

ரெலிபோனில் சொன்னதுதான் தாமதம், மீன்குழம்புச் சட்டியோடு மனுசன் வந்து இறங்கிவிட்டார். இனி எந்தச் சட்டம் சொல்லி நிறுத்துவது?

"ராசா, வாடா."

ராசா நிமிர்ந்து பார்த்தான். வாலை இரண்டு தரம் ஆட்டினான். பிறகு திரும்பிப் போய் ஆடுகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டான்.

"என்னை மறந்துபோனான்," என்றார் இவர்.

"மறக்கேல்லை. அவனுக்கு வேலை இருக்கு."

மிருகவைத்தியர் வந்து காதைத் தைத்துவிட்டுப் போனார். இனி ராசாவே பார்த்துக்கொள்வான் என்று பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் புறப்படும்போது இவர் வழக்கம்போல வானின் முன்கதவைத் திறந்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். ராசா அங்கிருந்தே பார்த்தான், எழும்பவில்லை. ஆடும் தப்பியது, காணியும் தப்பியது. ஆனால் மனுசன் சட்டியும் கையுமாக அப்படியே நின்றார்.

"கதவைத் திறந்து வைச்சு நுளம்பு வளர்க்கிறியளோ?" என்று ஏசிக்கொண்டே போய், நாய் மயிரைத் தட்டிவிட்டு, நான் முன்சீற்றில் ஏறி இருந்தேன். சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான் இன்னும் சாப்பிடேல்லை," என்றேன். "வீட்டை போவம்."