பாஸ்கல் திருப்பி வாங்காத மூச்சு

1974ஆம் வருடம் வைகாசிப் பௌர்ணமியன்று சாயங்காலம் ஐந்தேகால் மணிக்குச் சங்கு குளிக்கும் பாஸ்கல் மூச்சுவிடுவதை நிறுத்தினான். அப்போது அவனுக்கு வயது நாற்பத்தாறு. அதற்காக ஒருநாள்கூட அவன் வேலைக்கு மட்டம் போடவில்லை.

தூத்துக்குடியில் கடலுக்குள் இறங்குகிறவன் தன்னை மேலே இழுக்கும் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பான். கூடப்பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று நம்பிக்கை. பாஸ்கலின் கயிறு பெண்டாட்டியின் தம்பி ரோச்சிடம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு கொழும்புத் தோணியில் வந்து, உப்பளத்தை ஒட்டிய பழைய சரக்குக் கிட்டங்கியில் தியானம் சொல்லிக்கொடுத்த பிக்கு, பாஸ்கலைவிடப் பதினைந்து வயது இளையவர். மூச்சைக் கவனிக்கப் பழகியதில் பாஸ்கல் தண்ணீருக்கடியில் மூச்சடக்குவதில் ஒன்றரை நிமிடத்திலிருந்து பதினொரு நிமிடத்துக்குப் போனான். பிக்குவிடம் போவதைப் பற்றி மாதா கோயில் பங்குச்சாமியார் கூப்பிட்டு விசாரித்தபோது, "மூச்சுக்கு ஏது சாமி ஞானஸ்நானம்?" என்றான். உப்பு வாரும் சீனித்தாயும் அங்கே தியானத்துக்கு வந்தாள். அந்தப் பௌர்ணமியன்று தனிப்பாடம் என்று உள்ளே கூப்பிட்டு பிக்கு அவள் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு வந்து எல்லோர் முன்பும் சொன்னாள். நாற்பது சீடர்களும் தரையைப் பார்த்தார்கள். பாத்திரக்கடை தாணுலிங்கம், "ஏளா, வெளிய பேசாத. தர்மத்துக்குக் கெட்ட பேரு" என்றார். பிக்கு கோபப்படவில்லை. குருவைக் குறை சொல்கிறவனிடமிருந்து, தான் கொடுத்த மூச்சு தன்னிடமே திரும்பிவிடும் என்று மட்டும் சொன்னார். எல்லோரும் பாஸ்கலைப் பார்த்தார்கள். அவனுக்கு மூச்சுதான் சோறு.

பாஸ்கல் எழுந்தான். "சாமி, நீங்க செஞ்சது தப்பு. இவகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

சொன்னபடியே மூச்சு போனது. அவன் மூக்கிலிருந்து கிளம்பி, அகல்விளக்குகளை வரிசையாக அணைத்துக்கொண்டு போய் பிக்குவின் மார்புக்குள் புகுந்தது. பாஸ்கலைத் தாங்க நான்கு பேர் கை நீட்டினார்கள். அவன் விழவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டான்.

சங்கு குளிக்க டாக்டர் சீட்டு வேண்டும். டாக்டர் மூன்று தடவை குழலை வைத்துப் பார்த்துவிட்டு, 'சுவாசம்: இல்லை. வேலைக்குத் தகுதி: உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாஸ்கல் காலையில் இறங்கி மத்தியானம் ஏறினான். ஏறியதும் ஈரத்துணியோடு கிட்டங்கி வாசலில் போய் நின்று அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வருவான். பெருமழையிலும் போனான், மூத்த மகள் கல்யாணத்தன்றும் போனான். சீனித்தாய் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து தியானத்தைத் தொடர்ந்தாள். "பாடம் நல்ல பாடந்தான். அத நான் ஏன் விடணும்?" என்றாள். இரண்டு மூச்சைச் சுமந்த பிக்குவால் படுக்க முடியவில்லை. அவர் பெருமூச்சு விட்டால் மூன்று பாத்தி உப்பு பறந்தது. அடுத்த வைகாசியில் அவர் உப்பளத்துக்கு நடந்து வந்து, வேலையாட்கள் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

"கேட்டாச்சுல்லா. இனி இங்கன பாடம் சொல்லாண்டாம். தோணி ஏறும்" என்றாள் சீனித்தாய்.

ஏறுமுன் பிக்கு பாஸ்கலின் மூச்சைத் திருப்பித்தர வந்தார். "நீங்களே வச்சுக்கிடுங்க சாமி, எனக்கு இல்லாமலே பழகிப்போச்சு" என்றான் பாஸ்கல். படித்த பாடத்துக்காக ஒரு கும்பிடு போட்டான். அன்று காற்றே இல்லை. ஆனாலும் பிக்கு ஏறிய தோணி பாய் விரித்துப் போனது.

ரோச் மட்டும் கயிற்றை விடவில்லை. "மூச்சே விடாதவனுக்குக் கயிறு எதுக்குலே?" என்று பக்கத்துத் தோணிக்காரர்கள் கேலி செய்வார்கள். "எங்க அக்கா கேட்டா நீயாலே பதில் சொல்லுவ?" என்றபடி, ரோச் கயிற்றை உள்ளங்கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொள்வான்.