மூணாம் தரத்தை அவர் சொல்லட்டும்

என் வீட்டுக்காரர் வாய் திறந்தால் போதும், அவர் சொல்ல வந்ததை முடித்துவைக்க நாலு பேர் ஓடி வருவார்கள். நல்ல மனதோடுதான் வருவார்கள். அந்த நல்ல மனதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் காய்கறி மண்டியில் ஏலம் விடுகிறவர். மார்க்கெட்டில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஒரு குவியலுக்கு முன்னால் நின்று விலை கூவ ஆரம்பித்தாரென்றால் நடுவில் எங்கே மூச்சு விடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. நானும் அதே மண்டியில்தான், தராசுப் பக்கம் நின்று எடை போடுகிறவள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வாய்க்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். என்னோடு சண்டை போட்டு ஜெயிக்கிற வாய் உலகத்தில் அது ஒன்றுதான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்தார். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். கை தேறியது, கால் தேறியது, நாக்கு மட்டும் பின்தங்கிவிட்டது. புத்தியில் ஒரு குறையும் கிடையாது. வார்த்தை உள்ளே தயாராகத்தான் இருக்கும், வெளியே வருவதற்குத்தான் நேரமாகும். "அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருங்க, அதுதான் மருந்து" என்றார் பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா. எல்லோரும் பலமாகத் தலையாட்டினோம். வீட்டுக்கு வந்ததும் மறந்துபோனோம்.

"எனக்கு... கொஞ்சம்..." என்று ஆரம்பிப்பார். "தண்ணியாப்பா?" என்பாள் மகள். "போர்வையா அண்ணே?" என்பான் எங்களோடு இருக்கிற கொழுந்தன். "ஃபேன் போடவா?" என்பேன் நான். மூன்றில் ஏதோ ஒன்றுக்கு அவர் தலையாட்டிவிடுவார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், மகளைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். "இன்னும் சோறாப்பா?" என்று அவள் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டாள். அவர் கேட்டது அது இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருந்தாலும் குனிந்து அத்தனையையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். வேண்டாம் என்று சொல்வதைவிடச் சாப்பிட்டுத் தொலைப்பது சுலபம் என்று நினைத்துவிட்டார். ஒரு மார்க்கெட்டையே வாயால் கட்டி மேய்த்த மனுஷன், வேண்டாத சோற்றை விழுங்கிவிட்டுக் கை கழுவ எழுந்து போகிறார். இப்படியே விட்டால் இந்த மனுஷன் பேசுவதையே நிறுத்திவிடுவார் என்று பயந்துபோனேன்.

அன்று சாயங்காலமே சட்டம் போட்டேன். "இனிமே இந்த வீட்டுல யார் அவர் பேச்சை முடிச்சு வைக்கிறாங்களோ, அன்னைக்குப் பாத்திரம் பூரா அவங்கதான் கழுவணும்."

"அண்ணி, நான் ஆசையா உதவி பண்றேன், அது ஒரு குத்தமா?" என்றான் கொழுந்தன்.

"உன் உதவியில என் புருஷன் ஊமையாகிக்கிட்டு இருக்கார். அதே ஆசையோட போய்க் கழுவு."

முதல் வாரம் பூராவும் சமையலறைத் தொட்டி அவனுக்குத்தான் சொந்தம். பிறகு மகள் மாட்டினாள். போகப் போக வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது: அவர் வாய் திறந்தால் நாங்கள் மூன்று பேரும் வாயை மூடிக்கொள்வோம். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. என் கை தானாக முறுக்கிக்கொள்ளும். கொழுந்தன் உதட்டைக் கடித்துக்கொள்வான். ஒரு நாள் அப்படிக் காத்திருந்தபோது அவர் சொன்னார்:

"நான்... திரும்ப... ஏலம்... விடணும்."

அடுப்பில் வைத்த பால் பொங்குகிற நேரம் பிடித்தது. யாரும் வாய் திறக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாளே மண்டி முதலாளி முன்னால் போய் நின்றேன். அவர் நல்லவர். இத்தனை மாதமும் சம்பளத்தில் பாதியை நிறுத்தாமல் கொடுத்தவர். அதனால்தான் அவரோடு சண்டை போடுவது கஷ்டம்.

"தங்கச்சி, அவனுக்குன்னு ஒரு ஸ்டூல் வாங்கி வெச்சிருக்கேன். வந்து உட்காரட்டும், அது போதும். சம்பளம் அது பாட்டுக்கு வரும். ஏலத்துக்குப் புது ஆள் பாத்துக்கறேன். கூட்டத்துக்கு முன்னாடி நிக்க வெச்சு அவனை அசிங்கப்படுத்தணுமா?"

"உட்கார வெக்கிறதுதான் முதலாளி அசிங்கம்."

"கொண்டுவந்த சரக்கு வெயில்ல வாடும். விளைவிச்சவன் என்னைத்தான் கேப்பான்."

"ஒரே ஒரு குவியல் குடுங்க. நடக்கலைன்னா நானே அவரைக் கூட்டிட்டு வந்து ஸ்டூல்ல உட்கார வெக்கிறேன். அதுக்கப்புறம் இதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

"நீ வாய் திறக்க மாட்டியா? அதுக்காகவாவது ஒத்துக்கலாம்" என்று சிரித்தார். வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. வீறாப்பாகப் பேசிவிட்டேனே தவிர, வீட்டுக்கு வருகிற வழியிலேயே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

நாலு நாள் சமையலறையில் ஏலம் நடந்தது. ஒரு முட்டைக்கோஸுக்குக் கொழுந்தன் தன் மாதச் சம்பளத்தை ஏற்றிக் கேட்டான். விலையெல்லாம் அவர் வாயில் மெதுவாக, ஆனால் தெளிவாக வந்தது. முட்டிக்கொண்டது கடைசியில்தான். ஏலத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" சொல்லி "மூணு தரம்" என்று முடித்தால்தான் சரக்கு கைமாறும். அதுவும் ஏலக்காரர் வாயிலிருந்து வர வேண்டும், வேறு எவர் சொன்னாலும் செல்லாது. எங்கள் மண்டியில் அதுதான் சட்டம். அந்த 'மூ'வுக்காக மூடிய உதடு லேசில் திறக்காது. நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். திறந்துவிடும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் மண்டிக்குள் நுழைந்தபோது கூட்டம் விலகி வழி விட்டது. "வாங்க ஐயா", "மெதுவா ஐயா" என்று ஆளாளுக்கு மரியாதை. எக்ஸ்பிரஸ் என்று ஒருத்தர் கூப்பிடவில்லை.

பூசணிக் குவியல். அவர் "மு... முன்னூ..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், "நானூறு தரேன் ஐயா, நீங்க சிரமப்படாதீங்க" என்றார் ஒருவர். இன்னொருவர் அதற்கு மேல் போனார். அந்தப் பூசணிக்கு ஜென்மத்தில் கிடைக்காத விலை. அவர் "ஒரு..." என்றார். மொத்தக் கூட்டமும் சேர்ந்து, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று பாடி, கையும் தட்டியது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அன்று அந்தச் சோற்றை விழுங்கியபோது இருந்த அதே முகம்.

"நல்லா நடந்துச்சு தங்கச்சி, திருப்திதானே? அந்த ஸ்டூலைக் கொண்டுவாங்கப்பா" என்றார் முதலாளி.

தராசை விட்டுவிட்டு நேரே நடுவில் போய் நின்றேன். "என்ன நடந்துச்சு? மூணாம் தரம் அவர் வாயிலருந்து வந்துச்சா? உங்க மண்டிச் சட்டம்தானே முதலாளி. இந்த ஏலம் செல்லாது."

"ஜனங்க பாசத்துல சொன்னாங்கம்மா."

"பாசத்துல பூசணிக்காய் வாங்கறவங்க நாளைக்கும் வருவாங்களா? அடுத்த வாரம்?"

என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். "இன்னொரு... குவியல்" என்றார். முதலாளி பெருமூச்சு விட்டு, வெங்காய மூட்டைகளைக் காட்டினார்.

இங்கே பிசினாறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுதிச் சமையலுக்குச் சரக்கு வாங்குகிற வியாபாரி. தக்காளியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்குவார், எடை போட்ட பிறகும் கொசுறு கேட்பார். பிசினாறி என்று முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், ஏதாவது விலை குறைத்தால் சரி. பூசணி ஏலத்தில் அவர் வாயே திறக்கவில்லை. பரிதாபத்துக்குப் பூசணி வாங்குகிற ஆள் இல்லை.

"இந்த... வெங்காயம்... என்ன... விலை?" என்றார் இவர். பிசினாறி கையைக் கட்டிக்கொண்டு, கேள்வி முடிகிற வரைக்கும் நின்றார். முடிந்ததும், "இருநூறு" என்றார்.

பாதி விலைகூட இல்லை. கூட்டம் அவர் மேல் பாய்ந்தது. "மனசாட்சி இருக்காய்யா உனக்கு?" "உடம்பு சரியில்லாத மனுஷன்கிட்டயா?"

"அவர் உடம்புக்கும் வெங்காயத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? சரக்குல ஈரம் இருக்கு" என்ற பிசினாறி, இவர் பக்கம் திரும்பினார். "என்ன எக்ஸ்பிரஸ், இருக்கா இல்லையா?"

அன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். இவர் ஒரு வெங்காயத்தை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, சருகு உதிர்வதை எல்லோருக்கும் காட்டினார்.

"ஈரம்... உன்... கண்ணுல" என்றார்.

ஒரு நொடி யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. பிறகு ஒருவர் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள், ஏலம் நிஜமாகவே சூடு பிடித்தது. முன்னூறு, முன்னூற்று ஐம்பது, நானூறு. 'ஐயா'வெல்லாம் போய், "என்னப்பா எக்ஸ்பிரஸ், நான் கேட்டது காதுல விழலையா?" என்று வந்துவிட்டது. நானூற்று இருபதில் பிசினாறியிடம் வந்து நின்றது.

"ஒரு... தரம்." கூட்டம் காத்திருந்தது. "ரெண்டு... தரம்."

உதடு மூடியது. திறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். முதலாளியின் கண் ஸ்டூல் பக்கம் போனது. நான் பார்த்தேன், இவர் நெற்றியிலிருந்து வியர்வை இஸ்திரிச் சட்டையில் சொட்டுவதைப் பார்த்தேன். சமையலறையில் இத்தனை நாள் நாக்கைக் கட்டி வைத்திருந்தவள் நான். அந்த இடத்தில் தாங்க முடியவில்லை.

"மூணு தரம்" என்று கத்திவிட்டேன்.

மண்டியே என்னைத் திரும்பிப் பார்த்தது. "தங்கச்சியே சொல்லிடுச்சு, சரக்கு என்னுது" என்று பிசினாறி மூட்டையில் கை வைத்தார். எனக்கு அப்படியே தராசுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. சட்டம் போட்டவளும் நான், சபையில் அதை உடைத்தவளும் நான். ஸ்டூலில் அவரை உட்கார வைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் மெதுவாகத் திரும்பி என் பக்கம் விரலை நீட்டினார்.

"நீ..." என்றார். இந்த முறை யாரும் முடித்துவைக்கவில்லை. "நீ... வீட்டுக்குப் போய்... பாத்திரம்... கழுவு."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்துச் சிரித்தது. என் கொழுந்தன், வேறு யார்? வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். பக்கத்தில் நின்றவர்களுக்கு எங்கள் வீட்டுச் சட்டத்தை அவன் விளக்க, அது வாய் மாறி வாய் மாறிப் போய், மார்க்கெட்டே என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன், அழுகையும் வந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது.

"அவ சொன்னது... செல்லாது. இன்னும்... ரெண்டு... தரம்தான்."

"அப்போ நானூத்தி நாப்பது" என்றார் ஹோட்டலுக்கு வாங்குகிற ஒருவர். இவ்வளவு நேரத்தில் அவர் நன்றாக யோசித்துவிட்டார். பிசினாறி அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். "நானூத்தி அறுபது. போதும், அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

மறுபடி ஒரு தரம். மறுபடி ரெண்டு தரம். மறுபடியும் அந்த உதடு மூடிக்கொண்டது. நான் புறங்கையைக் கடித்துக்கொண்டேன். முதலாளி ஸ்டூலைப் பார்க்கவில்லை, இவர் வாயைப் பார்த்தார். எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். ஒருத்தரும் அசையவில்லை.

"மூணு... தரம்."

கை தட்டல் இல்லை. வேலை நடந்தது, அவ்வளவுதான். பிசினாறி மூட்டைகளைத் தராசுக்கு இழுத்துவந்து என்னிடம் புலம்பினார். "முன்னெல்லாம் எக்ஸ்பிரஸ், நாம யோசிக்கறதுக்குள்ள ஏலத்தை முடிச்சுடுவான். இப்போ பாசஞ்சர் ஆயிட்டான். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்னு விலையை ஏத்திட்டில்ல போறான்."

அது அவர் காதில் விழுந்தது. ஒரு பக்க வாய் மட்டும் விரிய, சத்தமாகச் சிரித்தார். முதலாளி அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, தானே அதில் உட்கார்ந்துகொண்டார். "அடுத்த குவியலைக் காட்டுங்கப்பா அவனுக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்தால் தொட்டி நிறையப் பாத்திரம். கழுவி அடுக்கியிருந்ததையும் எடுத்துப் போட்டு வைத்திருந்தான் கொழுந்தன். புடவையைச் செருகிக்கொண்டு கழுவ உட்கார்ந்தேன். அவர் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். நான் தேய்த்து வைத்த சட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அடியில..." என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடியில் கரி போகவில்லை என்றுதானே சொல்லப்போகிறார்? காலையிலிருந்து ஓடி ஆடி நின்றவளிடம் வந்து குற்றம் கண்டுபிடிக்கிறார் பார். கொடுக்க வேண்டிய பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. குழாயை மூடினேன். அவர் பேசுவது நன்றாகக் கேட்க வேண்டும்.

"அடியில... கரி... போகலை. உனக்கு... கண்ணு... தெரியலையா?"

முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் நான் ஆரம்பித்தேன். நான் முடித்ததும் அவர் ஆரம்பித்தார். சமைக்க நேரமாகியும் விடவில்லை. அன்றைய சண்டையில் அவர்தான் ஜெயித்தார், கொஞ்சம் நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.