ரெண்டும் ஒண்ணு

அச்சகத்தின் காகிதக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவள், வேலைக்குத் திரும்பியதும் அலுவலகத்தில் கிடங்கு நோட்டைப் புரட்டினாள். மூன்று நாள் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, அவளுக்குப் பதிலாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவன் அவளுடைய கொழுந்தன். மணிக்கு ஒருதரம் எழுதியிருந்தான்: "ரெண்டும் ஒண்ணு." பக்கம் பக்கமாக இதே பாட்டுத்தான்.

ரெண்டு என்றால் கிடங்குச் சுவரில் தொங்கும் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் துணி சுற்றி, அதன் வாலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டிருக்கும். காற்று காய்ந்திருந்தால் துணியின் ஈரத்தைக் குடிக்கும், துணி குளிரும், அந்த வெப்பமானி மட்டும் இறங்கிக் காட்டும். காற்றே மூக்குமுட்டக் குடித்துவிட்டதென்றால் துணியை ஏறெடுத்தும் பார்க்காது. இரண்டும் ஒரே அளவில் நிற்கும். அப்போது உடனே ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைப் போட்டாக வேண்டும். இல்லையென்றால் பாடப்புத்தகம் அச்சடிக்கப் பிரித்து அடுக்கிய அத்தனை தாளும் ஈரம் இழுத்து நெளிந்து, குப்பைக்குத்தான் போகும்.

பாவி மனுஷன், இரண்டும் ஒத்துப்போனால் நல்லது என்றல்லவா நினைத்திருக்கிறான்! எந்த வேலையிலும் ஒரு மாதம் தாக்குப்பிடிக்காதவன். மறதிக்கு மறுபெயர். இந்த அச்சகத்தில் அவனுக்கு எடுபிடி வேலை வாங்கித்தர மேலாளர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியவள் அவள். இதுவும் போனால் அவனை இனி எவன் சேர்ப்பான்?

மறதி என்றதும் நெஞ்சில் கொஞ்சம் உயிர் வந்தது. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற மறந்து துணி காய்ந்துபோனாலும் இரண்டும் ஒன்றாகத்தான் காட்டும். அப்படியானால் எழுதியதெல்லாம் சும்மா, தாள் தப்பித்தது. கடவுளே, இந்த ஒரு தடவை அவன் சோம்பேறியாகவே இருந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கிடங்குக்கு ஓடினாள்.

கொழுந்தன் வாசலிலேயே நின்றான். தண்ணீர் ஊற்றினாயா என்று ஓடிவந்த வேகத்திலேயே கேட்டாள்.

"ஒரு தடவகூட மறக்கல அண்ணி. மணிக்கு மணி பாத்துப் பாத்து ஊத்துனேன்."

முகமெல்லாம் பல்லாக நின்றான். அவனை அப்படி அவள் பார்த்ததே இல்லை. உள்ளே போய் அடுக்கின் மேல்தாளைத் தூக்கினாள். ஓரமெல்லாம் அலையலையாக எழும்பியிருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே.

பின்னாலேயே வந்த மேலாளரும் பார்த்துவிட்டார். இந்த மூன்று நாளும் இங்கே இருந்தது யார் என்று கேட்டார். கொழுந்தன் நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"தப்பு என்னோடது சார். எழுதிவைன்னு சொன்னேன். எதுக்குன்னு சொல்லிக் குடுக்கல."