மேனேஜர் முகத்தில் ஏறிய விரிசல்

இப்போதெல்லாம் ஆட்களுக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு வருவதில்லை, கை செல்போனுக்குத்தான் போகிறது. சோதனைக்கூடத்து எஃகிலிருந்து விரிசல் இறங்கித் தெருவில் நடந்த அன்றும் படம்தான் பிடித்தார்கள்.

கிழவர் அங்கே போனது மருமகனுக்காக. பிரஸ் மெஷினின் தண்டு உடைந்து அவன் வலக்கை மணிக்கட்டோடு போயிருந்தது. கண்மண் தெரியாத வேகத்தில் ஓட்டினான், தப்பு அவனுடையது என்றது ஆலை. தண்டு ஏற்கெனவே விரிந்திருந்தது என்றான் அவன். தப்பு அவன்மேல் விழுந்தால் வேலையும் போய்விடும். கிழவர் யாரையும் நம்புகிற ஜாதி இல்லை. உடைந்த தண்டைச் சோதிப்பதைக் கண்ணால் பார்க்கப் போய் நின்றார்.

சோதிக்கிற அம்மா விளக்கினார். "மெதுவா அழுத்தினா எஃகு வளைஞ்சு குடுக்கும் ஐயா. படார்னு அடிச்சா உள்ள பிறக்கிற சூட்டுக்கு வெளிய போக நேரமில்ல. முடி மாதிரி ஒரு கோட்டுல தேங்கி, அதோடயே பிளக்கும்."

"இதுல அந்தக் கோடு இருக்கா?"

"அதைத்தானே பாக்கப் போறோம். இருந்தா வேகத்துல உடைஞ்சது, இல்லேன்னா முன்னாடியே விரிஞ்சது."

அதே எஃகில் ஒரு புதுத் துண்டைச் சம்மட்டி மெஷின் அடித்துப் பிளந்தது; கோடு பளிச்சென்று தெரிந்தது. உடைந்த தண்டில் கோடே இல்லை. பழைய துரு இருந்தது, துருவின்மேல் பச்சை பெயிண்ட் இருந்தது. யாரோ விரிசலைப் பார்த்துவிட்டுப் பூசி மறைத்திருக்கிறார்கள். உடைந்த பரப்பிலுள்ள வரிகள் விரிசல் தொடங்கிய இடத்தை அம்புபோலக் காட்டும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது. இந்த விரிசல் காட்டுவதோடு நிற்கவில்லை. மேசையில் இறங்கி, தரையைக் கீறி, சாலையைக் கடந்து, ஆலையின் மாடிப்படி ஏறி, மேனேஜரின் செருப்பு வழியாக மேலே போய், அவர் முகத்தை மோவாயிலிருந்து நெற்றி வரை பிளந்தது. ரத்தம் வரவில்லை. குடித்துக்கொண்டிருந்த தேநீர் மட்டும் கொஞ்சம் ஒழுகியது.

"பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான்தான்" என்றார் அவர், முகத்தைத் துடைத்தபடி. "தாங்கும்னு நெனச்சேன்."

மருமகன்மேல் இருந்த பழியை எடுத்தார்கள். மேனேஜரை யாரும் எடுக்கவில்லை. அவர் பிளவில் பச்சை பெயிண்டைப் பூசிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். சாருக்கு எடுப்பாக இருக்கிறது என்றார்கள் குமாஸ்தாக்கள். சில வருடங்களில் அவர் பேசும்போது நடுவே காற்று சீறுவதையும் பழகிக்கொண்டார்கள். மருமகனுக்கு ஆலை கேட் பக்கத்தில் உட்கார்ந்து காவல் பார்க்கிற வேலை கிடைத்தது.

புது பிரஸ்ஸை ஓட்டத் தொடங்கிய நாளில் மேனேஜர் சீறிச் சீறிப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். மருமகன் மிச்சமிருந்த ஒரு கையால் தொடையில் தட்டினான். கிழவர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வெக்கமா இல்லையாடா?"

"விடுங்க மாமா, நல்ல மனுஷன். இந்தத் தண்டு சோதிச்சு வாங்கினது."

"யாரு சொன்னா?"

"சார்தான்."

கிழவர் புதுத் தண்டின் பச்சையை ஒரு தடவை பார்த்தார். வாசலில் காறித் துப்பிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.