அத்தானின் நனைந்த மெத்தை

மத்தியானம் இரண்டு மணிக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்த லாரி டிரைவரின் மெத்தை, சரியாக இடுப்புக்குக் கீழே, ஒரு தட்டு அகலத்துக்கு நனைந்திருந்தது. ஐம்பத்திரண்டு வயது மனிதர். சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை. ஒரே வாரத்தில் இது மூன்றாவது முறை.

மெத்தையைக் கேபின் கதவில் காயப்போட்டதுதான் அவர் செய்த தப்பு. சரக்கு இறக்க வரிசையில் காத்திருப்பவர்களுக்கு வேறென்ன வேலை? பின் வண்டிக்காரன் இறங்கியே வந்துவிட்டான். அவனை எல்லோரும் கட்டைக்குரல் என்பார்கள். அவன் காதோடு காதாகச் சொல்லும் ரகசியம் நாலு வண்டி தாண்டிக் கேட்கும்.

"அண்ணே, அண்ணிகிட்ட சொல்லி ஒரு ரப்பர் ஷீட் வாங்கிப் போடுங்க. குழந்தைங்களுக்கு விப்பாங்களே, அது."

வரிசை முழுக்கச் சிரித்தது. டிரைவர் சரக்கை இறக்கியதும் வண்டியை நேரே ஓட்டிக்கொண்டு போய்த் தன் மச்சினியின் ஒயரிங் கடையில்தான் நிறுத்தினார்.

மனைவியின் தங்கைதான் அந்தக் கடைக்கு முதலாளி, தொழிலாளி எல்லாம். லாரிக்காரர்கள் அவளை ஒயரிங் அக்கா என்பார்கள். அந்த வண்டியின் படுக்கைக்கு மேலே பேட்டரி ஏசி மாட்டியது அவள்தான்.

"உன் ஏசி என்னை ஊர் சிரிக்க வச்சிருச்சு. நாளைக்கே கழட்டிடு."

"கழட்டுறதா? அத்தான், வண்டி உங்களது இல்ல, முதலாளியம்மாவோடது. வெள்ளிக்கிழமை அவங்களே வந்து அந்த மெத்தையில படுத்துப் பாக்கப் போறாங்க. பிடிச்சிருந்தா மிச்ச ஆறு வண்டிக்கும் நான்தான் மாட்டணும். பிடிக்கலைன்னா கடையை மூடிட்டுப் பழையபடி பஸ் டிப்போவுல ஹாரன் மாட்டப் போகணும்."

"அப்ப அவங்க மெத்தையும் நனையட்டும். எனக்குத் துணைக்கு ஆள் கிடைச்ச மாதிரி இருக்கும்."

அவள் கேபினில் ஏறினாள்.

அந்த ஏசி எளிமையான சங்கதிதான். சரக்கு இறக்கும் இடத்தில் இஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்பது சட்டம். இஞ்சின் நின்றால் வண்டியோடு வந்த ஏசியும் நின்றுவிடும். பிறகு கேபினில் டிரைவர் வெந்துபோவார். அதற்காகத்தான் கேபினுக்குப் பின்னால் ஒரு பெட்டியில் தனியாக இரண்டு பேட்டரிகள். வண்டி ஓடும்போது அவை நிரம்பிக்கொள்ளும், நிற்கும்போது ஏசியை ஓட்டும். வண்டியைக் கிளப்பும் பேட்டரியை இவை தொடவே தொடாது. படுக்கைக்கு மேலே பின்சுவரில் ஒரு முழம் நீளத்துக்கும் அதிகமாக ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குள் குளிர்ந்த குழாய்கள், அவற்றின் மேல் காற்றை ஊதும் விசிறி.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளருக்கு வெளியே வேர்க்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் குளிர்ந்த குழாய்களும் அப்படித்தான் வேர்க்கும். அந்த வேர்வை சொட்ட அடியில் ஒரு தட்டு. தட்டின் இடது ஓரத்தில் ஒரு துளை; துளையில் சொருகிய குழாய் வழியாகத் தண்ணீர் வண்டிக்கு வெளியே போய்விடும். போக வேண்டும்.

அவள் கடையிலேயே ஏசியைப் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். குழாய் வழியாக வெளியே தண்ணீர் ஒழுங்காகச் சொட்டியது. மெத்தை அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது.

"என் ஏசி ஒழுகல, அத்தான்."

"அப்ப நான்தான்னு சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. நீங்கதான் சொல்றீங்க."

டிரைவருக்கு மூளையில் பளிச்சென்று ஒன்று தோன்றியது. கட்டைக்குரல்! தூங்கும் நேரம் பார்த்துக் கதவைத் திறந்து, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பிறகு ஒன்றும் தெரியாத மாதிரி ரப்பர் ஷீட் பேச்சு. திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க வழி செய்தார். மனைவியின் பவுடர் டப்பாவை எடுத்துப் போய், மறுநாள் படுப்பதற்கு முன் கேபின் தரை, படிக்கட்டு, மெத்தை ஓரம், சுவர் என்று ஒரு இடம் விடாமல் தூவினார். கை வைத்தால் தடம் விழும். கால் வைத்தால் மாட்டினான்.

எழுந்தபோது மெத்தை நனைந்திருந்தது. தரையில் ஒரு தடமும் இல்லை. அவர் மட்டும் தலைமுதல் கால்வரை கல்யாண மாப்பிள்ளை மாதிரி மணத்துக்கொண்டு வெள்ளையாக இறங்கினார்.

"அண்ணே! பவுடர் வேற போட்டாச்சா?" என்றது கட்டைக்குரல். "அப்ப குழந்தைதான், சந்தேகமே இல்ல!"

அன்று சாயங்காலம் கடைக்கு டிரைவரின் மனைவியும் கூடவே வந்திருந்தாள், காலி டப்பாவோடு.

"புது டப்பாடி. ரெண்டு நாள்கூட நான் பூசல. இவருக்கு எதுக்கு இந்த வயசுல அலங்காரம்னு கேளு."

ஒயரிங்காரி கேட்கவில்லை. அவள் கேபினுக்குள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பவுடர் தூவிய சுவரில், ஏசி பெட்டியின் வலது கோடியிலிருந்து ஒரு கோடு இறங்கியிருந்தது. விரல் அகலம். நத்தை போன பாதை மாதிரி நெளிந்து, மெத்தைக்குள் இறங்கி முடிந்தது. துளை இருப்பது இடது பக்கம். தண்ணீர் இறங்கியது வலது பக்கம்.

"அத்தான், நீங்க நிரபராதி."

"அதை வரிசையில வந்து சொல்லு."

போனாள். மறுநாள் வியாழக்கிழமை, சரக்கு வரிசைக்கே போய்க் கேபினில் ஏறி, ஏசி பெட்டியின் தலையில் ரசமட்டத்தை வைத்தாள். கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் ஒரு குமிழி. குமிழி எப்போதும் உயரமான பக்கம்தான் ஓடும். அது இடது கோடிக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. துளை இருக்கும் பக்கம் மேடு. தண்ணீர் பின்னே வலது பக்கம்தான் போகும்.

ஆனால் மாட்டும்போது இதே ரசமட்டத்தை வைத்து, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதானே போல்ட்டை முறுக்கினாள்? போல்ட்டை அசைத்துப் பார்த்தாள். மலை மாதிரி நின்றது. ரசமட்டத்தைக் கேபின் தரையில் வைத்தாள். குமிழி நட்ட நடுவில். வண்டி நேராக நிற்கிறது, பெட்டி மட்டும் சாய்ந்திருக்கிறது.

"அத்தான், வண்டியை எடுங்க. கடைக்குப் போறோம்."

"வரிசை போயிடும்!"

"மானம் போறதுக்குப் பதிலா வரிசை போகட்டும்."

கடையில் வண்டியை ஏற்றி நிறுத்தியதும் மறுபடி வைத்துப் பார்த்தாள். இப்போது பெட்டியின் மேல் குமிழி நடுவில்; கேபின் தரையில் வலது கோடியில். இறங்கி, ரசமட்டத்தைக் கடையின் சிமெண்ட் தரையில் வைத்தாள். குமிழி வலது கோடிக்கு ஓடியது.

அப்போதுதான் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். கழுவிய தண்ணீர் தானாக ஓடிப்போகட்டும் என்று, இடது சுவர் ஓரம் இருக்கும் சாக்கடையை நோக்கித் தரையைச் சாய்வாகப் போட்டிருந்தார்கள். எட்டு வருஷமாக அவள் மேசையின் இரண்டு கால்களுக்கு அடியில் மடித்த அட்டை. நாற்காலிக்கு அடியில் ஒரு ஓட்டுத் துண்டு. அதையெல்லாம் வைத்தவளே அவள்தான். சாய்ந்து நின்ற வண்டிக்குள் ஏசியைப் பூமிக்கு நேராக மாட்டியிருக்கிறாள். வண்டி சமதரைக்குப் போனதும் நிமிர்ந்துகொண்டது, ஏசி சாய்ந்துகொண்டது. கடைக்குள் எத்தனை முறை சோதித்தாலும் ஒழுகாது. வெளியே எங்கே நிறுத்தினாலும் ஒழுகும்.

அவள் தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"என்னைப் பாத்தா சிரிக்கிறே?"

"என்னைப் பாத்து, அத்தான். ஸ்பானரை எடுங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கேபினில் ஏறினார். அரை மணி நேரம் என்று சொல்லிப் படுத்தவர், ஒன்றேகால் மணி நேரம் குறட்டை விட்டார். கட்டைக்குரல் உட்பட வரிசையே வண்டியைச் சுற்றி மூச்சடக்கி நின்றது. எழுந்தவர் மெத்தையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"ஆறு வண்டியும் திங்கக்கிழமையிலேருந்து ஒவ்வொண்ணா வரும். ஆனா இதுக்கு முன்னாடி ஏதோ ஒழுகுச்சாமே? டிரைவர் ஏதோ குழந்தை, பவுடர்னு காதுல விழுந்துது. என்ன பண்ணி நிறுத்தினே?"

ஒயரிங்காரி ஒன்றையும் மறைக்கவில்லை.

"என் கடைத் தரை சாய்வும்மா. ரசமட்டத்தை நம்பி மாட்டினது என் தப்பு. இப்ப ரசமட்டத்தை ஓரமா வச்சுட்டேன். கேபின் தரையிலேருந்து பெட்டியோட ரெண்டு கோடிக்கும் டேப்பால அளந்தேன். குழாய் இருக்கிற இடது கோடியை வலதை விட ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்கி போல்ட் போட்டேன். வண்டியை மேட்டுல சாய்ச்சு நிறுத்தினாலும் தண்ணி போகணும்ல, அதுக்குத் தட்டோட வலது ஓரத்துலயும் ஒரு துளை போட்டு இன்னொரு குழாய் விட்டிருக்கேன். தண்ணி எந்தப் பக்கம் ஓடினாலும் வெளியேதான் போகும்."