டக் அல்ல, மடக்

மெக்கானிக்கின் கொட்டகையில் ஒரு கரும்பலகை உண்டு. வண்டிக்கு என்ன கோளாறு என்று அவர் யாரையும் கேட்பதில்லை. என்ன சத்தம் என்றுதான் கேட்பார். வந்தவர் வாயால் போட்டுக் காட்டுவதை அப்படியே சாக்பீஸால் எழுதிவைப்பார். கீச். கரகர. லொட லொட. சரிசெய்த பிறகு அழிப்பார்.

தங்கையின் ஜீப்புக்கு நேரே மூன்று நாளாக ஒரே சொல் நின்றது. டக்.

ஃபோனில் அதைச் சொன்னவர் தங்கையின் கணவர். "ஸ்டியரிங்க ஒடிச்சா முன்னாடி டக்குங்குது மச்சான்." டக் என்றால் இரும்பும் இரும்பும் மோதுவது. முன் சக்கரத்தைத் திருப்பவிடும் குமிழ் மூட்டான பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கும் என்று மெக்கானிக் முடிவு கட்டினார். இரண்டு பக்கமும் மாற்றினார். சத்தம் போகவில்லை. ஸ்டியரிங் கம்பியின் முனைகளை மாற்றினார். போகவில்லை. ஷாக் அப்சார்பரின் ரப்பர் புஷ்களை மாற்றினார். முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

இதில் ஒரு விசித்திரம். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை என்ன உலுக்கு உலுக்கினாலும் ஜீப் வாயைத் திறக்காது. கீழே இறக்கி நாலடி நகர்த்தினால் ஆரம்பித்துவிடும்.

நான்காம் நாள் மதியம் தங்கை வந்து நின்றாள். மலை உச்சியில் இருக்கும் ரேடியோ கோபுரம் அவள் பொறுப்பு. மறுநாள் அவள் முறை. ஏறும் பாதையில் பதினோரு வளைவுகள். ஏழாவதற்குத் தடுப்புச் சுவர் கிடையாது. அங்கே ஸ்டியரிங் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை மெக்கானிக் மூன்று நாளாக யோசிக்காமல் இருக்கப் பார்த்தார்.

"சாவியக் குடுண்ணே."

"சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம சாவி கிடையாது."

"காலைல ஏழு மணிக்கு நான் மேல இருக்கணும்."

"நடந்து போ."

அவள் பலகையைப் பார்த்தாள். "இதென்ன டக்?"

"உன் வண்டிதான்."

"யார் சொன்னா?"

"உன் வீட்டுக்காரர்."

"அவருக்கு இடி விழுந்தாலும் டக்குதான். இது டக் இல்லண்ணே. மடக்."

"மடக்கா? வண்டி என்ன தண்ணியா குடிக்குது?"

"கிண்டல் பண்ணாத. தினமும் ஓட்டறவ நான். முதல்ல ஒரு ம. அப்புறம்தான் டக்."

சிரிக்க வந்தவர் சிரிக்கவில்லை. தனக்குள் சொல்லிப் பார்த்தார். மடக். ஏதோ ஒன்று முதலில் நகர்கிறது. பிறகு போய் முட்டுகிறது. நகர்வதற்கு எங்கோ இடம் இருக்கிறது.

"ஏறு," என்றார். "எஞ்சினப் போடு. பிரேக்க மிதிச்சுக்கோ. நான் சொன்னா ஸ்டியரிங்க மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டு."

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு அடியில் போய்ப் படுத்தார். இம்முறை ஜாக்கி இல்லை. வண்டியின் பாரம் முழுதும் சக்கரங்களின் மேல் இருந்தது. அவள் ஆட்ட ஆட்ட, ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுக்கொண்டே வந்தார். புதிதாய்ப் போட்டவை எல்லாம் சாதுவாக இருந்தன.

முன் அச்சு பக்கவாட்டில் நழுவாமல், அதைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் ஒரு குறுக்குக் கம்பி உண்டு. அதன் போல்ட்டில் விரலை வைத்தார். ம, போல்ட் ஒரு நூல் நகர்ந்தது. டக், துளையின் ஓரத்தில் இடித்தது.

"இன்னொரு தடவ," என்றார்.

மடக்.

"இன்னொரு தடவ."

"கிடைச்சிடுச்சாண்ணே?"

"கிடைச்சிடுச்சு. சும்மா, இன்னும் ஒரே ஒரு தடவ."

வட்டமாக இருக்கவேண்டிய துளை முட்டைபோல் நீண்டிருந்தது. தூக்கி வைத்தபோது அதைத் தள்ள எந்தப் பாரமும் இல்லை. அதனால்தான் அந்த மௌனம்.

தங்கை இறங்கிக் குனிந்தாள். "இது எப்படி லூசாச்சு?"

ரோடு மோசம் என்று சொல்லலாம். அது வாய்வரை வந்தது. இரண்டு மாதம் முன்பு உயரமான ஸ்பிரிங் போட்டவர் அவர்தான். வண்டி அந்தரத்தில் இருக்கும்போதே இந்த போல்ட்டை முறுக்கினார். தரையில் இறக்கிய பிறகு, பாரத்தோடு முறுக்கவேண்டிய போல்ட் அது.

"நான்தான்," என்றார். "இறக்கினப்புறம் திரும்ப முறுக்கல. மறந்துட்டேன்."

"ஏழாவது வளைவுல உன்னத்தான் நம்பிப் போயிட்டு வந்திருக்கேன்," என்றாள். பிறகு, "சரி, எழுந்திரு. வேலையப் பாரு."

துளைக்கு இருபுறமும் தடித்த வளையங்களை வைத்துப் பற்றவைத்தார். புது போல்ட் போட்டார். வண்டி தரையில் நிற்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினார். பிறகு இன்னொரு முறை. அவள் ஸ்டியரிங்கை ஆட்டினாள். ம கூட வரவில்லை. சாவியைக் கொடுத்தார். பலகையைத் துடைத்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்பே ஃபோன் வந்தது.

"மேல வந்துட்டேண்ணே. கண்ணாடிய இறக்கிவிட்டுக் காதத் தீட்டிக்கிட்டே வந்தேன். மடக் போயே போச்சு. ஆனா வேற ஒண்ணு கேட்டுச்சு."

மெக்கானிக் சாக்பீஸைத் தேடி எடுத்தார். "எப்படி?"

"கிலுங். வளைவுக்கு வளைவு."

"கிலுங்கா, கிலுக்கா? சரியாச் சொல்லு."

"கிலுங்."

எழுதினார். "முன்னாடியா, பின்னாடியா?"

"என் சீட்டுக்கு அடியில. உன் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்."

விடிந்ததிலிருந்து அவர் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.