கெட்டிமேளத்துக்கும் அட்சதைக்கும் நடுவில்

அடையாற்றங்கரைக் குடியிருப்பில் சித்தார்த்தன் ஆடாத மேடை கிடையாது. கூழ் ஊற்றும் திருவிழாவோ, காதுகுத்தோ, கல்லூரி ஆண்டு விழாவோ, எங்கே ஸ்பீக்கர் கட்டினாலும் அவன் கால் தானாக அங்கே போய் நிற்கும். பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பிளந்த வாய்களைத்தான் அவன் பார்த்திருக்கிறானே தவிர, எதைப் பார்த்துப் பிளந்தார்கள் என்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டுக் கண்ணாடியில் மீசை தெரியும், முட்டி தெரியாது. தான் ஆடுவதைத் தானே ஒரு தடவை பார்க்க வேண்டும், அப்புறம் ஊரும் பார்க்க வேண்டும் என்ற அரிப்பு அவனை உட்காரவிடவில்லை. பஸ்ஸில் நின்றால்கூட ஒரு கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

வழி சுஹாஸ் ரூபத்தில் வந்தது. மயிலாப்பூர்ப் பையன், ஒரே வகுப்பு. கீபோர்டு வாசிப்பான், சுமாராகப் பாடுவான், சுமாராகப் பாடுகிறோம் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. கல்லூரி மாணவர்கள் சொந்தமாகப் பாட்டெடுத்துக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒளிபரப்புவோம் என்று ஒரு சாட்டிலைட் சேனல் அறிவித்திருந்த நேரம் அது. "பாட்டு என்னோடது, ஆட்டம் உன்னோடது மச்சி. ரெண்டு பேருமே ஹீரோ" என்றான் சுஹாஸ். பாண்டி பஜாரில் ஒரே மாதிரி இரண்டு மஞ்சள் சட்டை வாங்கி வந்து ஒன்றைச் சித்தார்த்தனிடம் கொடுத்தான். ஜோடிச் சட்டை. சித்தார்த்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் அம்மா சொர்ணம் குழாயடியில் நின்ற எல்லாரிடமும் சொல்லி முடித்து, தண்ணீர் பிடிக்க மறந்து வீட்டுக்கு வந்தாள்.

கேமராவுக்கு இருக்கவே இருக்கிறார் சேட்டு மாமா. சொர்ணத்தின் தம்பி, வடபழனியில் கல்யாண வீடியோ எடுப்பவர். மயிலாப்பூர் வீடுகளில் ஒரு கல்யாணத்தைப் பார்த்து அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். அந்தப் பேச்சுதான் அவர் பிழைப்பு. மனிதர் தங்கமானவர், ஆனால் சிக்கனத்தில் கொஞ்சம் பைத்தியம். புதுக் கேசட் எதற்கு என்று, தி.நகர் மண்டபத்தில் எடுத்த ஒரு கல்யாணத்தின் முகூர்த்தக் கேசட்டையே கேமராவில் விட்டுவைத்தார்.

"இதுல பாதி காலியா கீது. தாலி கட்டி அட்சதை போட்டு கொஞ்ச நேரத்துல நின்னுடும். அதுக்கப்புறம் எடுத்துக்கோ. பின்னாடி மட்டும் சுத்தாதடா சித்து. இன்னும் வேற கேசட்டுல காப்பி எடுக்கல."

"நான் இன்னா சின்னப் புள்ளையா மாமா?"

பெசன்ட் நகர் கடற்கரையில் விடிந்தும் விடியாததுமாக ஆரம்பித்தார்கள். சுஹாஸ் வாயசைக்கும்போது சித்தார்த்தன் கேமராவைப் பிடித்தான், சித்தார்த்தன் ஆடும்போது சுஹாஸ் பிடித்தான். மணலில் நட்டுவைத்த டேப் ரெக்கார்டரிலிருந்து பாட்டு ஓடியது. நடைப்பயிற்சி மாமாக்கள் கை வீசுவதை நிறுத்திவிட்டு நின்றார்கள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வந்து, "எந்தப் படம் நைனா, ஹீரோ எங்க?" என்று கேட்டார். "நான்தான்" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

ஒவ்வொரு முறை ஆடி முடித்ததும் சித்தார்த்தன் மூச்சிரைக்க ஓடிவந்து, கேசட்டைப் பின்னால் சுற்றி, கேமராவின் குட்டிக் கண்ணாடியில் கண்ணை வைத்தான். கறுப்பு வெள்ளையில், கட்டைவிரல் உயரத்தில் ஒருவன் குதித்துக்கொண்டிருந்தான். அதுதான் தான் என்று நம்ப முடியவில்லை. கை சரியில்லை என்று தோன்றியது, தோள் முந்துகிறது என்று தோன்றியது. மறுபடி ஆடினான். மறுபடி சுற்றிப் பார்த்தான். ருசி கண்டுவிட்டான், இனி விடுவானா.

கடைசியாக ஒரு தடவை, முதலில் ஆடியதைப் பார்க்கலாம் என்று சுற்றினான். கொஞ்சம் கூடுதலாகச் சுற்றிவிட்டான். கண்ணாடிக்குள் கல்யாணத்து ஹோமப் புகை தெரிந்தது. அதற்குள் சுஹாஸ், "மச்சி, போலீஸ்காரர் வர்றார்டா. வெயிலும் ஏறுது. ஒரே ஒரு டேக், ஓடு" என்று கேமராவைப் பிடுங்கிக்கொண்டான். சித்தார்த்தன் ஓடினான். முன்னால் சுற்றி வைக்கவில்லையே என்று பாதி வழியில் நினைவு வந்தது. பாட்டும் வந்துவிட்டது. நின்று கத்தியிருக்கலாம். கால் நிற்கவில்லை.

அன்று அவன் ஆடிய ஆட்டத்தில் அதுதான் ஆட்டம். போலீஸ்காரரே, அனுமதி இருக்கிறதா என்று கேட்க வந்தவர், பாட்டு முடியும்வரை லத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

முடிந்ததும் சித்தார்த்தன் கண்ணாடியில் பார்த்தான். நாதஸ்வரமும் கெட்டிமேளமும் உச்சத்துக்குப் போன இடத்தில் சடாரென்று கடற்கரை வந்தது. முழுப் பாட்டுக்கும் இவன் ஆடினான். ஆடி முடித்துக் கையைத் தூக்கி நின்றதும், அவன் தலையில் போடுவது போல அட்சதை விழுந்தது. நடுவில் இருந்த தாலி கட்டு காணோம்.

மாமாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டான். அதற்குமேல் அடக்கி வைத்திருந்தால் வாந்தி வந்திருக்கும். சேட்டு அடிக்கவில்லை. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஒரு கல்யாணத்துல அது ஒண்ணு தாண்டா கல்யாணம். மிச்சம்லாம் சாப்பாடு" என்றார். அப்புறம் அவரே, "எம்மேலயும் தப்பு கீது. புதுக் கேசட்டு போட்டிருக்கணும்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது சித்தார்த்தனுக்கு.

ஆனால் தொழிலில் ஊறியவர். எழுந்து பழைய கேசட்டுகளைக் குடைய ஆரம்பித்தார். இதே போல அரக்குக் கூறைப்புடவை, இதே போல மாலை, வேறொரு வீட்டுப் பெண். தாலி கட்டும் கைகளை மட்டும் நெருக்கமாகக் காட்டும் துண்டு. கெட்டிமேளச் சத்தத்தை அதன்மேல் ஓடவிட்டு, அந்தப் பக்கம் இந்தக் கல்யாணத்தின் அட்சதையை ஒட்டிவிட்டால் தீர்ந்தது.

"கண்டுபுடிக்க மாட்டாங்களா மாமா?"

"கழுத்தும் கையும்தானே தெரியும்."

சித்தார்த்தனுக்கு உயிர் திரும்பியது. "கைதானே மாமா. யாரு கைன்னு எவனுக்குத் தெரியும்" என்றான். சிரிக்கக்கூடச் சிரித்தான்.

கோடம்பாக்கத்தில் ஒரு மாடியில் ஷரஃபுதீன் என்பவரின் எடிட்டிங் அறை. மாமாவின் வேலை முதலில் நடந்தது. ஷரஃபுதீன் எதையும் கேட்கவில்லை. ஒட்டு தெரியக்கூடாது என்பதற்காகக் கெட்டிமேளம் தொடங்கும் இடத்தில் முன்னால் இருந்ததையும் கொஞ்சம் வெட்டினார். இரண்டு ரோஜாப்பூவைப் பறக்கவிட்டார். பார்த்தால் ஒரே கல்யாணம்தான்.

அடுத்துப் பாட்டு. சுஹாஸ் நாற்காலியை இழுத்து ஷரஃபுதீனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். திரையில் கால் வந்தது. சித்தார்த்தனின் கால். அப்புறம் சுஹாஸின் முகம். அப்புறம் இடுப்பிலிருந்து கழுத்துவரை மஞ்சள் சட்டை, காற்றில் படபடத்துக்கொண்டு. மறுபடி சுஹாஸ் முகம். எட்ட இருந்து கடலோடு சேர்த்து எடுத்த ஆட்டம், அதில் யார் முகமும் தெரியாது. மறுபடி சுஹாஸ் முகம், சிரிப்போடு. சித்தார்த்தன் தன் முகம் வரும் வரும் என்று காத்திருந்தான். பாட்டு முடிந்துவிட்டது.

"நான் எங்க மச்சி?"

சுஹாஸ் திரும்பாமலே சொன்னான். "இதெல்லாம் நீதானே. பாடறவன் ஒருத்தன், ஆடறவன் ஒருத்தன்னா பாக்கறவாளுக்குக் கொழம்பும்டா. ஒரே ஆளுன்னாத்தான் சேனல்ல எடுத்துப்பா. யார் கால்னு யாருக்குத் தெரியப் போறது?"

ஜோடிச் சட்டை எதற்கு என்று அப்போதுதான் சித்தார்த்தனுக்குப் புரிந்தது. சட்டையைக் கழற்றி அவன் மூஞ்சியில் எறிய வேண்டும் போல இருந்தது. வாய் திறந்தால் சண்டை வரும், சண்டை வந்தால், கூடவே இருந்து பார்த்த சுஹாஸ் மாமாவின் ஒட்டு வேலையை மயிலாப்பூர் முழுக்கச் சொல்லிவிடுவான். தவிர, சித்தார்த்தன் சொல்ல நினைத்த எதற்கும் பதிலை, யாரு கைன்னு எவனுக்குத் தெரியும் என்று, அவனே மாமா கடையில் சொல்லி வைத்திருந்தான். மாடிப்படி இறங்கினான். சுஹாஸ் அன்றைக்கே பாட்டுக் கேசட்டைச் சேனலில் கொடுத்துவிட்டான்.

அதற்கப்புறம் சித்தார்த்தனால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா, "ஞாயித்துக்கிழமை டிவியத் தெருவுலயே தூக்கி வெச்சுடலாமா?" என்று கேட்கிறாள். கல்லூரிக்குப் போனால் சுஹாஸ் தோளில் கை போடுகிறான். ஆற்றங்கரையில் மேலும் கீழும் நடந்தான். கல்யாண வீட்டுக்குக் கேசட் கொடுக்கக் கிளம்பிய மாமா, "கூட வர்றியா, நிலை கொள்ளாம சுத்திக்கினு கீறியே" என்று கூப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டான். ஒட்டுப்போட்ட கேசட் மாமா கையில் இருந்தது. ஆட்டம் ஏறிய அசல் கேசட் பையிலேயே கிடந்தது.

மயிலாப்பூர் வீட்டில் பெண்ணின் அப்பா பத்ரிநாராயணன், கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர்களை நாற்காலியில் உட்கார வைத்தார். கல்யாணப் பெண் ஜலஜா அடுத்த வாரம் கணவனிடம் பம்பாய்க்குப் போகிறாள். அவளே வீடியோ டெக்கில் கேசட்டைப் போட்டு, டிவிக்கு ரொம்பக் கிட்டே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

திரையில், பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்தார். நாதஸ்வரம் வேகம் எடுத்தது. ஜலஜா முன்னால் குனிந்தாள். கைகள் வந்தன, கழுத்து வந்தது, ரோஜாப்பூ பறந்தது, அட்சதை விழுந்தது.

"ரொம்ப நன்னா எடுத்திருக்கேள்" என்றார் பத்ரிநாராயணன்.

ஜலஜா திரும்பவில்லை. பின்னால் சுற்றி மறுபடி போட்டாள். மறுபடியும் கைகள். "தாலி கட்டறச்சே அப்பா மூஞ்சி எங்கே?" என்றாள்.

சேட்டு தொண்டையைச் செருமினார். "தாலிய க்ளோசப்புல காட்டினாத்தாம்மா அழகு."

"தாலி என் கழுத்துலதான் இருக்கே, தெனமும் பாத்துக்கறேன். அப்பா அன்னிக்கு அழுதாராம். எல்லாரும் பாத்தா, அம்மா பாத்தா, சமையக்காரா கூடப் பாத்தா. நான் அவர் மடியில உக்காந்துண்டிருந்தேன். எனக்கு மட்டும் தெரியல. இதைப் பாக்கறதுக்குத்தான் இத்தனை நாளாக் காத்துண்டிருந்தேன்." குரல் உடைந்தது. "மூஞ்சிய விட்டுட்டு வெறும் கையையா எடுப்பா?"

சித்தார்த்தனுக்கு உடம்பெல்லாம் கூசியது. மாமாவின் கை அவன் முழங்காலை அழுத்தியது. அழுத்திய கையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான்.

"அது உங்க கல்யாணம் இல்லக்கா. வேற யாரோட கையோ. உங்கள்து அழிஞ்சு போச்சு. நான்தான் அழிச்சேன். மாமா சுத்தாதன்னு சொன்னாரு, நான்தான் என்னப் பாக்கறதுக்கோசரம் சுத்தினேன்."

சொன்னதும் வீடு இரண்டுபட்டது. பத்ரிநாராயணன் மரியாதையை எல்லாம் கழற்றி வைத்துவிட்டார். "ஊர் பூரா உன்னைச் சிபாரிசு பண்ணினேனே. யார் கல்யாணத்தையோ கொண்டு வந்து என் ஆத்துல போட்டுக் காட்டறியா?" என்று சேட்டுவைப் பார்த்துக் கத்தினார். சேட்டு எழுந்து கைகட்டி நின்றார். மாமா அப்படி நிற்பதைப் பார்க்க முடியாமல் சித்தார்த்தன் தரையைப் பார்த்தான்.

ஜலஜா மட்டும் கேட்டாள். "அந்தக் கேசட் எங்கே?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவளே போட்டாள். நாதஸ்வரம் வேகம் எடுத்தது, யாரோ விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கூவினார். மடியில் குனிந்த தலையோடு ஜலஜா. அவளுக்குப் பின்னால் பத்ரிநாராயணனின் முகம். உதடு கோணியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலே விதானத்தைப் பார்த்தார். தாடை நடுங்கியது. அவ்வளவுதான், கடற்கரை வந்துவிட்டது. ஒட்டு தெரியக்கூடாது என்று ஷரஃபுதீன் வெட்டி எறிந்த துண்டு அதுதான்.

ஜலஜா பின்னால் சுற்றினாள். மறுபடி அப்பா, மறுபடி கடற்கரை. மறுபடி சுற்றினாள். கத்திக்கொண்டிருந்த பத்ரிநாராயணன் எப்போது நிறுத்தினார் என்று யாருக்கும் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, டிவியில் பார்த்த அதே மாதிரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை ஜலஜா டிவியை விட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கேசட்டை நிறுத்த மறந்துவிட்டாள்.

அது ஓடியது. மஞ்சள் சட்டை, நீலக் கடல், எல்லாம் கலரில். முகத்தோடு, முட்டியோடு, முழுசாகச் சித்தார்த்தன் ஆடினான். தோள் முந்தவில்லை. கை சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு நாளாக இப்படியா ஆடிக்கொண்டிருந்தோம் என்று அவனே வாயைப் பிளந்தான். பாட்டு முடிந்து அவன் கையைத் தூக்கி நின்றதும் மேலே அட்சதை விழுந்தது.

ஜலஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒட்டுப்போட்ட கேசட்டைச் சேட்டு பக்கம் தள்ளினாள். "அது வேண்டாம். இதைத்தான் நான் எடுத்துண்டு போகப் போறேன்."

"அதுல நடுவுல இவன் ஆடறாம்மா" என்றார் சேட்டு, மெல்ல.

"ஆடட்டும். அதுக்கு முன்னாடி எங்கப்பா இருக்காரே." அவள் சித்தார்த்தனைப் பார்த்தாள். கோபம் இன்னும் போகவில்லை, சிரிப்பும் வரவில்லை. "கல்யாணக் கேசட் போட்டுக் காட்டுன்னு அங்கே எல்லாரும் கேப்பா. யாரு இந்தப் பையன்னும் கேப்பா. நான் என்னன்னு சொல்றது? உன் பேர் என்ன?"

சித்து என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்து முழுசாகச் சொன்னான்.

"சித்தார்த்தன்."